ஒரு தேளின் நீச்சல் வரலாறு

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது எங்கள் ஊர் பங்குனித் திருவிழாவில் என் கையில் ஒரு தேள் ஏறியது. ராட்டினத்துக்கும் பஞ்சுமிட்டாய் வண்டிக்கும் நடுவே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர், பேட்டரியில் ஓடும் மெஷினை வைத்து இடது முழங்கைக்குக் கீழே அதைக் குத்திவிட்டார். மாதிரி அட்டையில் அந்தத் தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, பார்த்தாலே கடுக்கிற மாதிரி இருந்தது. என் கைக்கு இறங்கும்போதே கொஞ்சம் நோஞ்சானாகத்தான் இறங்கியது. பிறகு நான் வளர்ந்தேன், கை வளர்ந்தது, தேளும் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. கொடுக்கு உள்பக்கம் சுருண்டது, கால்கள் ஒன்றோடொன்று ஒட்டின, முதுகு கூன் போட்டது.

அன்றைக்கு அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அப்பத்தாதான் குறுக்கே வந்து விழுந்தாள். அவள் முன்னங்கையில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரைக்கும் பச்சையில் கோலம் இருந்தது. "விடுடா. போறப்ப நகை நட்டு எதுவும் கூட வராது. பச்சை மட்டுந்தான் வரும்" என்றாள். அப்பா பெல்ட்டை மாட்டிக்கொண்டார். தேள் பிழைத்தது.

இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து, 2016இல், அதே தேளோடு டோக்கியோவின் நிஷி கசாயில் குடியேறினேன். நம் ஆட்கள் நிறைய இருக்கும் பேட்டை. வெண்டைக்காயும் கிடைக்கும், வீண்வம்பும் கிடைக்கும். உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டதால், ரயிலில் இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளி நீச்சல்குளத்தோடு இருந்த ஒரு ஜிம்மில் சேரப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் விண்ணப்பத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். யாருக்கெல்லாம் அனுமதி இல்லை என்று ஒரு பட்டியல்: வன்முறைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள், தொற்றுநோய் உள்ளவர்கள், குடித்துவிட்டு வருபவர்கள், உடம்பில் பச்சை குத்தியவர்கள். சரியாக அந்த நேரம் பார்த்து என் முழுக்கைச் சட்டை மேலே ஏறியிருந்தது.

அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். இருவரும் குனிந்து பார்த்து ஏதோ கிசுகிசுத்தார்கள். மேனேஜர் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் கையை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, மரியாதை சற்றும் குறையாமல் கேட்டார்:

"எபி தெஸ் கா?"

எபி என்றால் இறால். 'இறாலுங்களா?' என்கிறார்.

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இறால் குத்திக்கொண்ட ரவுடியை எந்த நாட்டிலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இருபது வருஷத்து ரோஷம் விடவில்லை. கைப்பேசியில் தேடி, தேளுக்கு ஜப்பானியச் சொல் என்னவென்று பார்த்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "சசோரி!"

மேனேஜரின் முகம் மாறியது. இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்து பெருக்கல் குறி போட்டார். பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து இடுப்பு வரை குனிந்து, "மோஷிவாகே கொசாய்மசென்" என்றார்கள். மன்னிப்பே இல்லாத தவறு செய்துவிட்டோம் என்று அர்த்தம். என்னைத் துரத்திவிட்டு அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அத்தனை மரியாதையாக என்னை யாரும் அதுவரை வெளியே அனுப்பியதில்லை. ஊரில் கல்யாண வீட்டில்கூட இவ்வளவு குனிந்து உள்ளே கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்விதான். இந்தத் தண்ணீருக்கும் பச்சைக்கும் அப்படி என்ன ஜென்மப் பகை? படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் ஜப்பானில் அந்தக் காலத்தில் பச்சை குத்திக்கொண்டதே தண்ணீரில் இறங்கத்தானாம்.

சீனாவில் சென் ஷோ என்று ஒரு வரலாற்றாசிரியர் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்திருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் 'வா' என்றொரு நாடு, அதாவது ஜப்பான். அங்கே பெரியவன் சின்னவன் வித்தியாசமில்லாமல் ஆண்கள் எல்லாரும் முகத்திலும் உடம்பிலும் பச்சை குத்திக்கொள்கிறார்கள். மூழ்கி மீனும் சிப்பியும் பிடிக்கிற ஆட்கள், பெரிய மீன்களும் நீர்ப்பறவைகளும் அண்டாமல் இருக்க அப்படிக் குத்திக்கொண்டார்களாம். போகப்போக அது அலங்காரமாகிவிட்டதாம். இடத்துக்கு இடம் இடப்பக்கமா வலப்பக்கமா, பெரிசா சின்னதா என்று மாறுமாம். அந்தஸ்தைப் பொறுத்தும் மாறுமாம். விசிட்டிங் கார்டை மூஞ்சியிலேயே அச்சடித்துக்கொண்ட மக்கள்.

அதாவது, அந்தக் காலத்தில் குளிக்கும் துறையில் ஒரு வரவேற்பாளர் இருந்திருந்தால், பச்சை இல்லாதவனைத்தான் நிறுத்தியிருப்பார். "மன்னிக்கவும், உங்களைச் சுறா தின்றால் நாங்கள் பொறுப்பல்ல."

நாளடைவில் அரண்மனைக்காரர்கள் நாகரிகம் அடைந்தார்கள். நாகரிகம் அடைந்தவர்கள் செய்கிற முதல் காரியம், ஏழைகள் பெருமைப்படுகிற ஒன்றை எடுத்து அவமானமாக்குவது. 720இல் தொகுத்த 'நிஹோன் ஷோகி' என்ற அரச வரலாற்றில் இதற்கு இரண்டு கதைகள் உண்டு. ஹமாகோ என்பவர் ரிச்சூ சக்கரவர்த்திக்கு எதிரான சதியில் மாட்டிக்கொண்டார். தலையை எடுத்திருக்க வேண்டிய குற்றம். சக்கரவர்த்தி மனமிரங்கி, கண்ணோரத்தில் பச்சை குத்தி விட்டுவிட்டார். ஹமாகோவின் குலம் அசுமி. கடலோடிகளின் குலம். சுறாவை விரட்டிய பச்சையை இப்போது குற்றவாளி முத்திரையாக வாங்கிக்கொண்டது. ஊர் மக்கள் உடனே அதற்கு 'அசுமிக் கண்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பட்டப்பெயர் வைப்பதில் எல்லா ஊரும் நம்ம ஊர்தான்.

இரண்டாவது கதை இன்னும் அழகு. யூர்யாக்கு சக்கரவர்த்தியின் பறவை ஒன்றை யாரோ ஒருவருடைய நாய் கடித்துக் கொன்றுவிட்டது. சக்கரவர்த்திக்குக் கோபம். நாயை ஒன்றும் செய்யவில்லை. நாய்க்காரர் முகத்தில் பச்சை குத்தி, அவரையே அரசாங்கப் பறவை வளர்ப்புத் துறையில் போட்டுவிட்டார். தண்டனையும் அரசு வேலையும் ஒரே உத்தரவில். இந்தக் கதையை எங்கள் ஊரில் சொல்லியிருந்தால், மறுநாளே பத்துப் பேர் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள்.

பிறகு பல நூறு வருஷம் தாண்டி எடோ காலத்துக்கு வருவோம். 1720இல் எட்டாவது ஷோகன், அதாவது ராணுவ ஆட்சியாளர், யோஷிமுனே ஒரு சீர்திருத்தம் செய்தார். அதுவரை சில்லறைத் திருட்டுக்கெல்லாம் மூக்கையும் காதையும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், மூக்கு போனால் திரும்ப வருமா என்று யோசித்து, அதற்குப் பதில் பச்சை குத்தச் சொன்னார். டோக்கியோவின் பழைய பெயர்தான் எடோ. அங்கே கையைச் சுற்றி வளையல் மாதிரி இரண்டு கோடுகள். வேறு ஊர்களில் வேறு அடையாளங்கள். கையைப் பார்த்தே ஆள் எந்த ஊரில் மாட்டினான் என்று சொல்லிவிடலாம், வண்டி நம்பரைப் பார்த்து மாவட்டம் சொல்கிற மாதிரி. ஒரு பகுதியில் நெற்றியில் 'நாய்' என்கிற எழுத்தைத் தவணை முறையில் எழுதினார்களாம். முதல் திருட்டுக்கு ஒரு கோடு, அடுத்ததற்குக் கூடுதல் கோடு. நாய் முழுமையடைவதற்குள் திருந்திக்கொள்ள வேண்டியது அவரவர் பொறுப்பு.

கையில் கோடு விழுந்தவன் என்ன செய்வான்? அதன் மேலேயே பெரிய படமாகக் குத்தி மறைப்பான். இரண்டு கோடு மேகத்துக்குள் போய்விடும், மேகத்திலிருந்து ஒரு டிராகன் எட்டிப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து, 1827 வாக்கில், உதகாவா குனியோஷி என்ற ஓவியர் ஒரு சீனக் கதையின் நூற்றெட்டுக் கொள்ளைக்கார வீரர்களை மர அச்சுப் படங்களாகப் போட ஆரம்பித்தார். மூலக்கதையில் பச்சை குத்தியவர்கள் ஒரு சிலர்தான். குனியோஷி தாராளமாக இன்னும் பலர் முதுகிலும் குத்திவிட்டார். படம் சூப்பர்ஹிட். ஹீரோ மாதிரி முடிவெட்டிக்கொள்கிற ரசிகன் எல்லாக் காலத்திலும் உண்டு. எடோவில் முதுகை ஒப்படைத்தான். அந்தக் கதையின் பெயருக்கே 'நீர்க்கரை' என்றுதான் பொருள். மறுபடி தண்ணீர்.

முக்கியமான வாடிக்கையாளர்கள் தீயணைப்புக்காரர்கள். மரத்திலும் காகிதத்திலும் கட்டிய ஊர் அடிக்கடி பற்றி எரிந்தது. டிராகன் தண்ணீருக்கு அதிபதி. அது முதுகில் இருந்தால் தீ அண்டாது என்று நம்பினார்கள். பல்லக்குத் தூக்கிகள், தபால் ஓட்டக்காரர்கள், சாரம் கட்டுகிறவர்கள் எல்லாரும் குத்திக்கொண்டார்கள். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டும் என்பதால் பச்சைக்கு 'கமன்', அதாவது பொறுமை, என்றே ஒரு பெயர். இவ்வளவு பொறுத்துக் குத்தியதை எங்கே காட்டுவது? பொதுக் குளியலறையில்தான். அங்கேதான் எல்லாரும் ஒட்டுத்துணி இல்லாமல் இருப்பார்கள். இன்றைக்கு எந்த வாசலில் என்னை நிறுத்தினார்களோ, அதற்குள்தான் அன்றைய கண்காட்சி நடந்தது.

ஷோகனின் அதிகாரிகள் அவ்வப்போது தடை போட்டார்கள், 1842இல் ஒன்று. தீயணைப்புக்காரர்கள் பொறுமையாகத் தடையையும் தாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான். 1868க்குப் பிறகு வந்த மெய்ஜி அரசுக்கு ஒரே கவலை: 'இவர்கள் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்கள்?' விருந்தாளி வருகிறான் என்றால் அழுக்குத்துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அப்படி 1872இல் ஒரு பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். தெருவில் அரைகுறையாக நடமாடுவது, ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிப்பது, பச்சை குத்துவது எல்லாம் ஒரே பட்டியலில்.

வந்த விருந்தாளி செய்த முதல் வேலை, "பச்சை குத்துகிற கடை எங்கே?" என்று கேட்டதுதான்.

1881இல் இங்கிலாந்து இளவரசர் ஜார்ஜ் கப்பலில் வந்து இறங்கி, கையில் டிராகன் குத்திக்கொண்டு போனார். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், இந்தியாவுக்கும் சேர்த்துச் சக்கரவர்த்தி. நம் தாத்தாக்கள் காலத்து வெள்ளி ரூபாயில் தாடியும் கிரீடமுமாக இருப்பாரே, அவரேதான். தோள் வரைக்கும் மட்டும் அச்சடித்ததால் நமக்கு டிராகன் தெரியாமல் போனது.

1891இல் ரஷ்யாவின் பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் வந்தார். நாகசாகியில் அவரும் கையில் ஒரு டிராகன் போட்டுக்கொண்டார். சில நாள் கழித்து ஒட்சு நகரத்தில், அவருக்குப் பாதுகாப்பாக நிறுத்தியிருந்த போலீஸ்காரரே வாளை உருவித் தலையில் வெட்டிவிட்டார். நல்லவேளை, பிழைத்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சட்டவிரோதமாகத் தொழில் செய்த பச்சைக்காரர் பத்திரமாக வேலையை முடித்து அனுப்பினார், சட்டத்தைக் காக்க நின்றவர் மண்டையைப் பிளந்தார்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வடக்கே ஐனு பழங்குடிப் பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வார்கள். தெற்கே ஒகினாவாத் தீவுகளில் பெண்கள் விரல்களிலும் புறங்கையிலும் 'ஹஜிச்சி' என்று குத்திக்கொள்வார்கள். அம்பு, வட்டம், நட்சத்திரம் மாதிரி வடிவங்கள். அரசு இரண்டையும் தடை செய்தது; ஒகினாவாவில் அது 1899. அதற்குப் பிறகும் ஒளிந்து ஒளிந்து குத்திக்கொண்டு போலீஸில் மாட்டிய பெண்கள் உண்டு. ஏன் அவ்வளவு பிடிவாதம்? ஹஜிச்சி இல்லாமல் செத்தால் மறு உலகத்தில் கதி கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை.

பழைய புகைப்படம் ஒன்றில் ஒரு கிழவி இரண்டு புறங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருக்கத்துக்குள் நீலம் கலங்கிக் கிடந்தது. எங்கள் அப்பத்தா கை. கடல் கடந்து வந்து இங்கே யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. கூட வருவது பச்சை மட்டுந்தான்.

சரி, தடையை எல்லாரும் மதித்தார்களா? 1929இல் ஜப்பானின் தபால், தந்தித் துறை மந்திரியாக கொய்சுமி மதாஜிரோ பதவியேற்றார். உடம்பில் பச்சை. பத்திரிகைகளும் ஜனங்களும் அவரை 'பச்சைக்கார மந்திரி' என்றே கூப்பிட்டார்கள். தடை அப்போதும் அமலில் இருந்தது. அவருடைய பேரன் ஜுனிச்சிரோ கொய்சுமி 2001இல் நாட்டின் பிரதமரே ஆனார். அந்தத் தாத்தா இன்றைக்கு உயிரோடு வந்து நான் போன ஜிம்மில் விண்ணப்பம் கேட்டால், மேனேஜர் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்து வெளியே அனுப்புவார்.

1948இல், அமெரிக்க ராணுவத்தின் ஆட்சியில், தடை நீங்கியது. விடிந்தது என்று நினைப்பீர்கள். அடுத்த அடி சினிமாவிலிருந்து வந்தது. 1960களில் யாகுசா என்கிற ரவுடிக் கும்பல்களைப் பற்றிய படங்கள் வரிசையாக ஓடின. நடிகர் தகாகுரா கென் கடைசிக் காட்சியில் தோளிலிருந்து கிமோனோவை நழுவவிட்டால் முதுகு நிறையச் சித்திரம். தியேட்டரில் விசில் பறக்கும். தொலைக்காட்சியிலோ தோயாமா நோ கின்-சான் என்ற நீதிபதி, "சாட்சி எங்கே?" என்று எகத்தாளம் பேசுகிற குற்றவாளிக்கு முன் சட்டையை இறக்கிச் செர்ரிப் பூ பச்சையைக் காட்டுவார். சாட்சியே நான்தான்டா என்று அர்த்தம். திரையில் பார்த்துக் கைதட்டிய அதே ஜனம், குளியல் தொட்டியில் பச்சை குத்தியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மட்டும் எழுந்து ஓடியது.

நிஜ யாகுசாக்களின் தொல்லையும் பொய்யல்ல. அவர்களை ஒடுக்க 1992இல் ஒரு சட்டமே அமலுக்கு வந்தது. ஆனால் ஒரு குளத்துக்காரர் என்ன செய்வார்? வருகிறவரிடம் போய், "ஐயா, நீங்கள் ரவுடியா?" என்று கேட்க முடியுமா? ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி என்ன? அதனால் சுற்றி வளைத்து, 'பச்சை குத்தியவர்களுக்கு அனுமதியில்லை' என்று பலகை வைத்தார்கள். யாரையும் ரவுடி என்று சொல்லவில்லை பாருங்கள். இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. அந்தந்த முதலாளி வைத்த பலகைதான். வலை விரித்தது திமிங்கிலத்துக்கு, மாட்டியது இறால்.

இறால் மட்டுமா! 2012இல் ஒசாகா மேயர் மாநகராட்சி ஊழியர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 'உடம்பில் பச்சை உண்டா, எங்கே?' என்று கணக்கெடுத்தார். 110 பேர் ஒப்புக்கொண்டார்கள். 2013 செப்டம்பரில் ஹொக்கைடோவின் வெந்நீர் ஊற்றுக் குளியலகம் ஒன்றில் நியூசிலாந்து மாவோரிப் பெண்மணி ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். முகத்தில் அவருடைய குலப் பச்சை. அவர் வந்ததே பழங்குடி மொழிகளைக் காப்பது பற்றிப் பேச. ஏறக்குறைய அதே நாட்களில்தான் டோக்கியோவுக்கு ஒலிம்பிக் கிடைத்து, உலகமே வருக என்று நாடு கூவிக்கொண்டிருந்தது. 2015இல் சுற்றுலாத் துறை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன சுமார் 600 விடுதி, குளியலகங்களில் 56 சதவீதம் முடியாது என்றன. 31 சதவீதம் வரட்டும் என்றன. 13 சதவீதம் மூடிக்கொண்டு வரட்டும் என்றன.

2019 ரக்பி உலகக் கோப்பைக்கு முன்னால், ஜிம்மிலும் குளத்திலும் பச்சையை மூடிக்கொள்ளுங்கள் என்று ரக்பி சம்மேளனமே வீரர்களுக்கு அறிவுரை சொன்னது. உடம்பில் பரம்பரைப் பச்சை குத்திய சமோவா வீரர்கள், ஒவ்வொருவரும் ஒரு சின்ன லாரி சைஸ், சமர்த்தாகக் கைச்சட்டை மாட்டிக்கொண்டார்கள். அவர்களே மாட்டிக்கொண்டபோது நான் எம்மாத்திரம்?

நானும் அந்த 13 சதவீதத்தைப் போன்ற ஒரு பொதுக் குளத்தைக் கண்டுபிடித்தேன். மருந்துக்கடையில் பச்சையை மறைக்கிற தோல் நிற ஸ்டிக்கர் விற்றார்கள். தோல் நிறம்தான், யாருடைய தோல் என்பதுதான் பிரச்சினை. என் கையில் ஒட்டியதும், கறுப்புப் பலகையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, முழங்கை வலிக்காரர்கள் மாட்டுகிற எலாஸ்டிக் சப்போர்ட்டர் வாங்கி மாட்டினேன்.

அந்தக் குளத்தில் நடப்பதற்கென்று தனித்தடம் உண்டு. வயதான பெண்மணிகள் பேசிக்கொண்டே தண்ணீருக்குள் நடப்பார்கள். மணிக்கொரு தரம் விசில் ஊதி எல்லாரையும் மேலே ஏற்றிப் பத்து நிமிஷம் உட்காரவைப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு பாட்டி என் கையைக் காட்டி, "வலிக்கிறதா?" என்றார். நான் முகத்தைச் சுளித்து, ஆமாம் என்றேன். அடுத்த வாரம் ஒரு கட்டு வலிநிவாரணப் பட்டை கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த வாரம், தன் கணவருக்குக் குணமான டாக்டரின் முகவரி. மூன்று மாதம் இல்லாத வலிக்கு இவ்வளவு அன்பு வாங்கியதில், எனக்கு உண்மையிலேயே எங்கோ வலிக்க ஆரம்பித்தது. போவதை நிறுத்திவிட்டேன்.

இதற்கிடையில் சட்டமும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பச்சை குத்துவது மருத்துவம், டாக்டர் பட்டம் இல்லாமல் குத்தியது குற்றம் என்று ஒசாகாவில் ஒரு கலைஞர் மேல் வழக்கு. கீழ்க் கோர்ட்டு 1,50,000 யென் அபராதம் போட்டது. மேல் கோர்ட்டு அவரை விடுவித்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அது மருத்துவமல்ல என்று சொல்லி அந்த விடுதலையை உறுதி செய்தது. நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். எங்கள் ஊர்ச் சாக்குக்காரர் எம்.பி.பி.எஸ். படித்திருந்தால் தேள் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும். ஆனால் மருந்துச் சீட்டு எழுதுகிற கையெழுத்தில் வந்திருக்கும்.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தெருமுனையில் இருந்த சென்டோ. அக்கம்பக்கத்தார் குளிக்கிற பழைய பொதுக் குளியலகம். பச்சை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் திருப்பி அனுப்பப் பொதுக் குளியலகச் சட்டத்தில் இடமில்லை என்று 2017இல் அமைச்சரவையே பதில் சொல்லியிருந்தது. கல்லாவில் இருந்த அம்மாவுக்கு அமைச்சரவை எல்லாம் தேவைப்படவில்லை. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளே கை காட்டினார்.

சுவர் முழுக்க ஃபூஜி மலை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மஞ்சள் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு ஊற்றி, நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் கழுத்தளவு கிடந்தார். அவர் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தபோது முதுகு தெரிந்தது. ஒரு காலத்தில் டிராகனாக இருந்திருக்க வேண்டும். முதுகு சுருங்கியதில் அதுவும் சுருங்கி, செதில் மங்கி, மீசை தொங்கி, வெந்நீர் சுகத்தில் அரைக்கண் மூடியிருந்தது. ரவுடியாக இருந்தாரா, சாரம் கட்டினாரா, தீ அணைத்தாரா? யார் கேட்பது?

அவர் என் கையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"எபி?"

சுறாவை விரட்டக் குத்திக்கொண்டவன் முதல் சமோவா வீரர்கள் வரைக்கும் எல்லாரும் ஒரு கணம் என் முன்னால் வந்து போனார்கள்.

"ஹாய். எபி" என்றேன். 'ஆமாம், இறால்.'

திருப்தியாகத் தலையாட்டி, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தண்ணீரில் இறங்கினேன். தேளுக்குத் தண்ணீரில் என்ன வேலை?